நிழல் மறையும் நாள்: நம் ஊருக்கு எது?

சென்னையில் நடக்கும் அறிவியல் நிகழ்ச்சிகளுக்குக் கல்வராயன் மலைப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது எளிதன்று. ஆனால், ஆண்டுக்கு இருமுறை நம் பள்ளி முற்றத்துக்கே ஒரு நிகழ்ச்சி வருகிறது. அதுதான் நிழலில்லா நாள்.

கடக, மகர ரேகைகளுக்கு இடைப்பட்ட ஊர்களில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வரும். அந்த நாள் அட்சரேகைக்கு ஏற்ப மாறும். சென்னையில் (13.1°) ஏப்ரல் 24-ஐ ஒட்டி வரும், கள்ளக்குறிச்சியில் (11.7°) ஏப்ரல் 21, ஆகஸ்ட் 22 ஆகிய நாள்களை ஒட்டி வரும். ஏப்ரலில் சென்னைக்குரிய நாளில் இங்கே ஒரு மீட்டர் கோலை நட்டால், நண்பகலில் தெற்கே ஏறக்குறைய 2 செ.மீ. நிழல் விழும். “சார், நிழல் இருக்கே!” என்று சொல்லும் மாணவர் சொல்வதே சரி.

பள்ளி நடக்கும் ஆகஸ்ட் மாதம் இதற்கு ஏற்றது. நான் செய்விக்கும் முறை:

1. மெல்லிய கோலைத் தூக்குக்குண்டால் சரிபார்த்துச் செங்குத்தாக நட வேண்டும்.

2. ஆகஸ்ட் 19 முதல் 25 வரை, பள்ளி நாள்களில், 12.05 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறிக்க வேண்டும். இங்கே நண்பகல் 12.17-ஐ ஒட்டி வரும். சூரியனை நேரே பார்க்கக் கூடாது.

3. மேகம் மூடினால் ‘மேகம்’ என்றே எழுத வேண்டும். நண்பகல் நிழல் தெற்கிலிருந்து வடக்குக்கு மாறும் இடைவெளியில்தான் நம் நாள் இருக்கிறது.

தேதியை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் அளந்து சொல்லட்டும்.