கத்திரியையும் கார்த்திகையையும் கேட்டுவிட்டு வாங்கு

சேலையூர்,
ஆனி 25

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். முடிச்சூர் வீட்டு வாசலில் மதிலோரம் மூன்றடி அகலத்துக்கு விட்டிருக்கும் மண், கிழக்குப் பக்கம் மதியத்துக்கு மேல் நிழல் விழும் சந்து, பின்னால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கும் மூலை, அதற்கப்புறம் நர்சரியில் நீ ஆசை ஆசையாக எடுத்த பதினேழு செடிகள். "இதிலே எது பெரியம்மா வருஷம் பூராவும் பூக்கும்?" என்று கேட்டிருக்கிறாய். போனிலேயே நாலு பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் அந்த நாலு என்று தெரியாமல் வைத்தால், ஒன்று பட்டுப்போகும்போது உனக்குச் செடி வளர்க்கிற ஆசையே போய்விடும். அதனால்தான் கடிதம்.

அந்தப் பதினேழில் பாதிக்கு மேல் ஓசூர், பெங்களூரு பக்கத்துக் குளிர்ச்சியில் வளர்ந்து லாரியில் வந்தவை. நர்சரியில் பச்சை வலைக்கு அடியில், தினம் இரண்டு வேளைத் தண்ணீரில் நிற்கும்போது எல்லாச் செடியும் அழகாகத்தான் இருக்கும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம், ஒரு தை மாதத்தில் நானும் அப்படித்தான் பெட்டூனியாவும் டேலியாவும் வாங்கி வாசல் முழுக்க வைத்தேன். பங்குனி முடிவதற்குள் ஒன்றுகூட இல்லை. செய்த தவறு எனக்கு அப்போது புரியவில்லை. அன்றைக்கு எது பூத்திருக்கிறது என்று பார்த்தேனே தவிர, அது மே மாதத்தில் என்ன செய்யும், நவம்பரில் என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை.

மேல்நாட்டுத் தோட்டப் புத்தகங்களில் பல்லாண்டுச் செடி என்றால், பனியில் மண்ணுக்கு மேலே மடிந்து, வேர் மட்டும் உயிரோடு இருந்து, வசந்தத்தில் துளிர்ப்பது. நமக்குப் பனி கிடையாது. நம் ஊர்ச் செடிக்கு இரண்டு பரீட்சைதான். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயில் ஒன்று, ஐப்பசி கார்த்திகை அடைமழை இன்னொன்று. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையில், இரண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் வேர் காய்கிறது, அந்த மாதங்களில் வேர் ஊறுகிறது. இரண்டையும் தாங்குகிற செடிதான் உன் வாசலில் வருஷக்கணக்காக நிற்கும்.

உங்கள் தெருவுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. நாலு வருஷம் கழித்து, 2019 கோடையில், ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் எல்லாம் வறண்டு, இங்கே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். அந்தக் கோடையில் என் தோட்டத்துக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர் மட்டும்தான். அதைக் குடித்துக்கொண்டு பூத்தவை அரளி, காகிதப்பூ, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி. ரோஜா போய்விட்டது.

நித்தியகல்யாணியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இதைச் சுடுகாட்டுப் பூ என்றும் சொல்வார்கள், அதனால் உங்கள் பாட்டி முகம் சுளிக்கலாம். மெதுவாக எடுத்துச் சொல். சுடுகாட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்து நிற்கிற செடி என்பதால் வந்த பெயராகத்தான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். தாயகம் மடகாஸ்கர் தீவு. 1950-களின் கடைசியில் கனடாவில் ஆய்வாளர்கள் இதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தார்கள். தொடர்ந்து வின்கிரிஸ்டின் வந்தது. இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் கொடுக்கிற மருந்து அது. தென் தமிழ்நாட்டில் மானாவாரி நிலத்தில் இதைப் பயிர் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மருந்து வருகிறதே என்று இலையை மென்றுவிடக் கூடாது, அப்படியே தின்றால் விஷம். வாசல் மதிலோரம், வெயில் முழுக்க விழுகிற இடத்தில், மண்ணோடு பாதிக்குப் பாதி மணல் கலந்து வை. கத்திரி வெயிலுக்கு இது அசையாது. கார்த்திகை மழையில்தான் அடித்தண்டு அழுகும், அதனால் பாத்தியை அரையடி உயர்த்திக் கட்டு. கடையில் வட்டத் தொட்டியில் வைத்து விற்கும் ஒட்டுரகம் பெரிதாகப் பூக்கும், ஆனால் முதல் மழையிலேயே கருகும். தெருவோரம் தானாக முளைத்த ரோஸ் நிறமும் வெள்ளையும்தான் எனக்கு நம்பிக்கை.

அடுத்தது நந்தியாவட்டை. ஒற்றை இதழும் உண்டு, அடுக்கும் உண்டு. பாதி நிழலிலும் பூக்கிற செடி இது, அதனால் கிழக்குச் சந்துக்கு ஏற்றது. பூஜைக்கு உங்கள் பாட்டிக்கும் ஆகும். சில நாள் காலையில் ஒரு கிளை மொட்டையாக நிற்கும். தேடிப்பார்த்தால் உன் சுண்டுவிரலைவிடத் தடியாக, தலைப்பக்கம் நீலக்கண் போலப் பொட்டு வைத்த பச்சைப்புழு இருக்கும். அரளியிலும் வரும். அது ஒரு பெரிய அந்துப்பூச்சியின் குழந்தை. மருந்து அடிக்காதே. இரண்டு வாரத்தில் கிளை துளிர்த்துவிடும், துளிர்த்த நுனியில்தான் பூவும் வரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் கேள், நீ கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. செடி பூப்பது விதைக்காக. காய் பிடித்துவிட்டால் சத்து அங்கே போய்விடும், புது மொட்டு குறையும். விதை கட்டாத ரகங்களுக்கு அந்த ஓய்வே கிடையாது. டெல்லி கனகாம்பரம் என்று விற்கிறார்களே, அது காய்க்காது, குச்சியில்தான் பெருக்க வேண்டும். அதனால் பூத்துக்கொண்டே இருக்கும். காய்க்கிற செடியானால் காய்க்க விடாமல் நாம் பறிக்க வேண்டும். தினம் சாமிக்குப் பறிக்கிற வீடுகளில் செடி அதிகம் பூப்பதைப் பார்த்திருப்பாய், காரணம் இதுதான். செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் புதுத் துளிரில் பூப்பவை. நறுக்க நறுக்கத் துளிர்க்கும், துளிர்க்கத் துளிர்க்கப் பூக்கும். சாமந்தி வேறு ஜாதி. இரவு நீண்டால்தான் அதற்கு மொட்டு வரும், அதனால் மார்கழி தையில் கொட்டிப் பூத்துவிட்டு நின்றுவிடும். நீ என்ன உரம் போட்டாலும் மே மாதத்தில் அது அப்படிப் பூக்காது. டிசம்பர் பூவுக்கும் பெயரிலேயே மாதம் இருக்கிறது. இவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. தொட்டியில் வை, விருந்தாளியாக வந்துபோகட்டும்.

மல்லிகையும் அப்படித்தான், மனசு வலித்தாலும் சொல்கிறேன். குண்டுமல்லி பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் அள்ளிக் கொடுக்கும். கார்த்திகையில் கவாத்து செய்துவிட்டு மாசி வரை பொறுத்திருக்க வேண்டும். அந்த வாசனைக்காக ஒன்று வை, வருஷம் பூராவும் பூக்கும் என்று மட்டும் நம்பி வைக்காதே.

இட்லிப்பூதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் மண்ணுக்கே சொந்தமான செடி. ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய வெட்சி என்று நீ தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பாயே, அது இதுதான். குழல் போன்ற பூவின் அடியை உறிஞ்சினால் ஒரு துளி தேன் வரும், வண்ணத்துப்பூச்சிக்கும் அது தெரியும். ஒரு கொத்து வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும். ஆனால் புது வீடுகளில் இட்லிப்பூ படுகிற பாட்டை இந்தப் பக்கம் தெருத்தெருவாகப் பார்க்கிறேன். நரம்பு மட்டும் பச்சையாக, இலை முழுக்க மஞ்சளாகிப் போகும். நோய் என்று நினைத்து மருந்துக்கடைக்கு ஓடுவார்கள். அது பசி. மனையை மேடாக்கக் கொட்டிய கட்டட ரப்பிஷிலும், பூச்சு வேலையில் சிந்திய சிமெண்டிலும் இருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடுகிறது. காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அதற்கு மேல் நம் போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

அதனால் வாசலில் குழி எடுக்கும்போது ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி, செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, சல்லி எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போடு. நல்ல செம்மண்ணும் மக்கின எருவும் நிரப்பு. இட்லிப்பூவுக்கு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்று, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. எங்கள் வீட்டு ஏசிக்குக் கீழே ஒரு பழைய பக்கெட் எப்போதும் இருக்கும், நீ பார்த்திருக்கிறாய். மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது.

சேலையூரில் எனக்கு வேறு தொந்தரவு. இங்கே இரண்டடி தோண்டினால் கடப்பாரை ணங்கென்று பாறையில் படும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை இது. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-ல் இதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறையில் செய்தது, அதிலிருந்து வந்த பெயர். உங்கள் பக்கம் ஆற்றோர மண், ஆழமாகத் தோண்டலாம், ஆனால் தண்ணீர் வடியாது. ஒரே தாம்பரத்தில் உனக்கும் எனக்கும் வேறு வேறு செடி சரிப்படுவது இதனால்தான். என் தோட்டத்தை அப்படியே பார்த்து நீ வைக்க வேண்டாம்.

பின்பக்கத்து ஈர மூலைக்குக் கல்வாழை போதும். சிவப்போ மஞ்சளோ எதுவானாலும் சரி. என் அம்மா காலத்திலேயே குளியலறைத் தண்ணீர் போகிற வழியில் இதைத்தான் வைப்பார்கள். தேங்கின தண்ணீரில் வேர் அழுகாது. பூத்த தண்டை அடியோடு வெட்டிவிட்டால் பக்கத்தில் அடுத்தது வரும்.

செம்பருத்தியில் நாட்டுச் சிவப்பு, ஒற்றை இதழ். ஒரு பூ ஒரு நாள்தான், ஆனால் நாளைக்கு இன்னொன்று இருக்கும். எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறினால் மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவு. அதற்கும் போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளி. கிழக்குச் சந்தில் நந்தியாவட்டைக்கு முன்னால் கனகாம்பரம் வை. நிழல் கொஞ்சம் விழுந்தால் அதற்குச் சந்தோஷம். காய்ந்த கதிரை நறுக்கிவிடு.

அரளி வேண்டாம், இப்போதைக்கு. வெயிலையும் வெள்ளத்தையும் ஒன்றாகத் தாங்கும் செடி இதைப்போல இல்லை, நெடுஞ்சாலை நடுவில் புகையிலும் பூத்து நிற்கிறது. ஆனால் இலை, தண்டு, பூ, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். தம்பிக்கு இரண்டு வயது, கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிற பருவம். அவன் பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம். உன் படத்தில் பதினோராவதாக இருந்த, மஞ்சளும் ரோஸும் கலந்த சின்னப் பூங்கொத்து உன்னிச்செடி. அதை எப்போதுமே வேண்டாம். வருஷம் பூராவும் பூக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காட்டில் கொண்டுபோய்ப் போடும். தமிழ்நாட்டுக் காடுகளில் புல்லையும் நாட்டுச் செடிகளையும் மூடி முளைத்திருக்கும் அதை ஒழிக்க அரசு பாடுபட்டுக்கொண்டிருக்கிறது. வண்டலூர்க் காட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற நாம் அதைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது.

காகிதப்பூவுக்கு மாடியில் ஒரு தொட்டி போதும். தண்ணீரைக் குறைத்தால் பூக்கும், கூட்டினால் இலைதான்.

அடுத்த ஒரு வாரம் ஒரு வேலை செய். சாயங்காலம் சைக்கிளில் போகும்போது, கிழக்குத் தாம்பரத்துப் பழைய வீடுகள், ரயில்வே குடியிருப்பு, கோயில் நந்தவனம், இங்கெல்லாம் இப்போது எது பூத்திருக்கிறது என்று நோட்டில் எழுது. கத்திரி முடிந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது, இன்னும் நல்ல மழை இல்லை. இப்போது இலை பளபளவென்று பூவோடு நிற்கிற செடி, முதல் பரீட்சையில் தேறின செடி. அந்த வீட்டுக்காரர்களிடம் 2015 மழையில் அது என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டால் இரண்டாவதும் தெரிந்துவிடும். நர்சரிக்காரர் சொல்ல முடியாததை அவர்கள் சொல்வார்கள், கேட்டால் ஒரு குச்சியும் ஒடித்துத் தருவார்கள்.

ஆடி பிறந்ததும் நடலாம். அப்போது ஒரு சாயங்கால மழை, ஒரு நாள் வெயில் என்று மாறி மாறி வரும். வேர் பிடித்து நிற்பதற்கும் ஐப்பசி மழை வருவதற்கும் சரியாக இருக்கும். முதல் மாதம் எருவைத் தவிர உரம் எதுவும் போடாதே.

குச்சிகளை இப்போதே ஈரமணலில் ஊன்றி வைத்திருக்கிறேன். அடுக்கு நந்தியாவட்டை நாலு, சிவப்புச் செம்பருத்தி மூன்று, டெல்லி கனகாம்பரம் ஆறு. இட்லிப்பூ குச்சியில் மெதுவாகத்தான் வரும், அதை மட்டும் நர்சரியில் வாங்கு. நித்தியகல்யாணி நாற்று மதிலோரம் தானாக முளைத்திருக்கிறது, பிடுங்கித் தருகிறேன். ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் வா. கேம்ப் ரோடு நிறுத்தத்தில் இறங்கிப் போன் பண்ணு. கல்வாழைக் கிழங்கு கனமாக இருக்கும், அப்பாவையும் வண்டியோடு வரச்சொல். ஈரச்சாக்கு இரண்டு எடுத்து வா.

அன்புடன்,
பெரியம்மா