கைப்பேசித் திரையில் மறைமொழி

தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் பயணம் செய்தவர்கள், உட்புறத்தில் திருக்குறள் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். சென்னை வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறட்பாக்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியின் தாளைக் கிழித்தால், அதிலும் ஒரு குறளோ ஒரு விவிலிய வசனமோ இருக்கும். படிக்க வேண்டும் என்று எண்ணாதவர் கண்ணிலும் இவை நாள்தோறும் பட்டுவிடும். தில்லியிலோ அகமதாபாத்திலோ வளரும் தமிழ்ச் சிறுவர்க்கு இந்த வாய்ப்பு அரிது. அங்கே பேருந்திலும் கடைப்பலகையிலும் வேறு எழுத்துகள் இருக்கும். ஆயினும் வீட்டில் கைப்பேசி உண்டு. அதன் திரை ஒரு நாளில் பன்முறை ஒளிர்கிறது. அத்திரையில் ஒரு மறைமொழி தமிழெழுத்தில் நின்றால், பேருந்துப் பலகை செய்த வேலையை அது செய்யும்.

திரையில் நிற்கும் இப்படத்திற்கு என்ன பெயரிடுவது? ‘வால்பேப்பர்’ என்பதே பெருவழக்கு. ‘திரைப்படம்’ என்றால் கேட்பவர் சினிமா என்று எண்ணிவிடுவர். ஆதலால் இப்பாடத்தில் அது ‘முகப்புப்படம்’ எனப்படுகிறது.

மறைநூல்கள் ஒரே இடத்தில் எழுதப்பட்டு அங்கேயே தங்கியவை அல்ல. அவை ஏட்டிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து திரைக்கும் இடம் பெயர்ந்துள்ளன. தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது. அது 16 பக்கங்களே கொண்ட கிறித்தவ சமயக் கையேடு. திருக்குறள் 1812-இல் அச்சேறியது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அது பனையோலையில் வாழ்ந்தது.

ஓலையில் எழுதுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும். ஆகவே பெரும்பாலான ஏடுகளில் மெய்யெழுத்துகள் புள்ளியின்றியே எழுதப்பட்டன. ‘பல்’ என்பதும் ‘பல’ என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும். எகர ஏகார வேறுபாடும் அக்காலத்தில் புள்ளியாலேயே காட்டப்பட்டது. எனவே ‘எரி’யா, ‘ஏரி’யா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி உணர வேண்டும். நெடிலுக்குத் தனி வடிவம் தந்தவர் வீரமாமுனிவர் என்று இலக்கிய வரலாறு கூறும். ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்து பதிப்பித்த உ. வே. சாமிநாதையரைப் போன்றோர், புள்ளியில்லா எழுத்துகளோடு ஆண்டுக்கணக்கில் போராடியே இன்று நாம் படிக்கும் தெளிவான பாடங்களை நமக்குத் தந்தனர்.

இவ்வளவு உழைப்பால் மீட்கப்பட்ட புள்ளி, கைப்பேசித் திரையில் மீண்டும் தொலைந்துபோவது உண்டு. விண்மீன்கள் நிறைந்த இரவு வானத்தின் படத்தை எடுத்து, அதன்மேல் வெண்ணிறத்தில் ஒரு வசனத்தை எழுதிப் பார்த்தால் இது விளங்கும். எது மெய்யின் புள்ளி, எது விண்மீன் என்று கண்ணுக்குத் தெரியாது. மணல், புல்வெளி, மினுமினுப்புத் துகள் ஆகிய பின்னணிகளும் இத்தகையவே. படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தமிழை இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுமி, ‘பல்’ என்பதைப் ‘பல’ என்றே படிப்பாள்.

முகப்புப்படம் செய்யத் தொடங்குமுன் மறைமொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் அதன் பொருள் செய்பவருக்குத் தெரிந்திருத்தல் நன்று. தெரியாவிடில் வீட்டுப் பெரியோரிடம் கேட்டறியலாம். இரண்டாவதாக, அது மெய்யாகவே அந்நூலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இஃது எளிதாகத் தோன்றினும், பலர் வழுக்கி விழும் இடம் இதுவே. ‘கீதாசாரம்’ என்னும் தலைப்பில், தமிழர் இல்லங்களிலும் கடைகளிலும் தேரோட்டும் கண்ணன் படத்தோடு தொங்கும் வாசகத்தை அறியாதவர் இலர். பகவத்கீதை 18 அத்தியாயங்களும் 700 சுலோகங்களும் கொண்டது. அவற்றுள் எந்தச் சுலோகத்தின் நேர் மொழிபெயர்ப்பும் அன்று அவ்வாசகம். அது பலருக்கு ஆறுதல் தருகிறது, அதில் பிழையில்லை. ஆனால் அதன் கீழே அத்தியாய எண்ணும் சுலோக எண்ணும் இட முடியாது. கைப்பேசியில் பரவும் பொன்மொழிகளில், வள்ளுவர் சொல்லாதவையும் வள்ளுவர் பெயரில் வருவதுண்டு. அச்சு நூலைத் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி.

திருக்குறளில் இதைச் சரிபார்ப்பது மிக எளிது. 133 அதிகாரங்களிலும் பத்துப் பத்துக் குறட்பாக்கள் உள்ளன. எனவே குறள் எண்ணைக் கொண்டே அதிகாரத்தைக் கண்டறியலாம். 391 முதல் 400 வரை உள்ளவை 40-ஆம் அதிகாரம். அதன் பெயர் கல்வி. விவிலியத்தில் நூற்பெயர், அதிகாரம், வசனம் ஆகிய மூன்றும் வேண்டும். எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் குறிப்பது நல்லது. ஏனெனில் பழைய மொழிபெயர்ப்பில் ‘சங்கீதம்’ என வழங்கும் நூல், திருவிவிலியம் எனப்படும் பொது மொழிபெயர்ப்பில் ‘திருப்பாடல்கள்’ என்று பெயர் பெறும். சொற்களும் மாறும். ஒன்றின் பாதியையும் மற்றொன்றின் பாதியையும் இணைத்தால், எந்த நூலிலும் இல்லாத ஒரு புது வசனம் பிறந்துவிடும்.

அடுத்தது எழுதும் வேலை. வெளிமாநிலத்தில் வளரும் மாணவர் பலர், ஆங்கில எழுத்தால் ஒலியைத் தட்டித் தமிழாக மாற்றும் முறையையே அறிவர். அது விரைவானது. ஆனால் அதில் ரகரமும் றகரமும் எளிதில் இடம் மாறிவிடும். லகர, ளகர, ழகரங்களும் அவ்வாறே. ‘அறம்’ என்று எண்ணித் தட்டினால் ‘அரம்’ வந்து நிற்கலாம். அரம் என்பது இரும்பைத் தேய்க்கும் கருவி. தன் அன்னைக்குப் பிறந்தநாள் பரிசாக ஓர் அறமொழியைப் படமாக்கித் தரும் பிள்ளை, பட்டறைக் கருவி ஒன்றைப் பரிசளித்ததாக முடியும்! தமிழ் 99 போன்ற தமிழ் விசைப்பலகையில் எழுத்தைக் கண்டு தட்டுவோர்க்கு இத்தவறு குறைவு.

எழுத்து சரியாக இருந்தும் திரையில் உடைந்து தோன்றுவது மற்றொரு தொல்லை. ஒருங்குறி முறையில் ‘கெ’ என்னும் எழுத்து, முதலில் ககரமும் பிறகு ஒற்றைக்கொம்பும் என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் நகர்த்துவது மென்பொருளின் கடமை. சில பட வடிவமைப்புச் செயலிகள் இக்கடமையைச் செய்வதில்லை. அவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். ஆகையால் புதிய செயலியில் முதலில் ‘கொக்கு’, ‘பையன்’, ‘நௌகை’ என்ற மூன்று சொற்களை எழுதிப் பார்க்கலாம். இவை ஒழுங்காக வந்தால் ஏனையவும் வரும். வராவிட்டால் அச்செயலியை விட்டுவிடுவதே நேர்வழி.

எழுத்துருக்களைப் பொறுத்தவரை, விலையின்றியும் உரிமைச் சிக்கலின்றியும் கிடைப்பவை பல. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காட்டமரன், மீரா இனிமை ஆகியவை அவற்றுட் சில. ஒரு படத்திற்கு ஓர் எழுத்துரு போதும். தமிழெழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். இகர ஈகார விசிறி மேலே எழும், உகர ஊகாரச் சுழி கீழே இறங்கும். ஆங்கிலத்திற்கு ஏற்ற வரி இடைவெளியை அப்படியே வைத்தால், மேல்வரியின் சுழி கீழ்வரியின் புள்ளியில் இடித்துக்கொள்ளும். எழுத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு வரி இடைவெளி விட்டால் இந்த நெருக்கடி தீரும்.

இனி வரிகளை மடக்குவது. குறட்பாவில் முதலடி நான்கு சீர், இரண்டாம் அடி மூன்று சீர். இன்றைய கைப்பேசிகளுள் பல, 1080 புள்ளி அகலமும் 2400 புள்ளி உயரமும் உள்ள ஒடுங்கிய திரை கொண்டவை. நான்கு சீரையும் ஒரே வரியில் அடைத்தால் எழுத்து எறும்பளவு ஆகிவிடும். இரண்டு, இரண்டு, மூன்று என மூன்று வரிகளாக மடக்கலாம். இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என நான்காகவும் மடக்கலாம். இரண்டாம் முறையில் ஈற்றுச்சீர் தனியே நிற்கும். வெண்பாவின் ஈற்றுச்சீர் ஓரசையாகவோ, அதனோடு குற்றியலுகரம் சேர்ந்தோ வரும் சிறிய சீர்; ஆகவே சற்றுப் பெரிதாக எழுதினாலும் திரையில் அடங்கும். எதுவாயினும் சீரின் நடுவே முறித்தல் கூடாது. தளைக்காகச் சீர் பிரிக்கும்போது சொல் சில இடங்களில் இரண்டாகப் பிளவுபடும். தொடக்கநிலை மாணவர்க்குச் சொல் பிரித்த பாடமே ஏற்றது. ஆனால் முதலடியைச் சீர் பிரித்தும் அடுத்ததைச் சொல் பிரித்தும் எழுதுதல் ஒவ்வாது.

பூட்டுத்திரையின் மேற்பகுதியில் கடிகாரம் இருக்கும். அடியில் விளக்கு, ஒளிப்படக்கருவி ஆகியவற்றின் பொத்தான்கள் இருக்கும். இவற்றுக்கு இடையே நடுப்பகுதிதான் மறைமொழிக்கு உரியது. முகப்புத்திரையில் செயலிகளின் சின்னங்கள் எழுத்தை மறைத்துவிடும். அங்கே வசனம் இல்லாத பின்னணி போதும்.

நவீன வடிவமைப்பு என்பது புதுப்புதுப் பொருள்களைக் குவிப்பது அன்று, தேவையற்றதை நீக்குவது. சிவகாசியில் அச்சாகும் நாள்காட்டியின் தாமரையும் விளக்கும் ஒளிக்கதிரும் சுவருக்கு அழகு. அவை அனைத்தும் உள்ளங்கையளவு திரையில் நெருங்கினால் எழுத்துக்கு மூச்சு முட்டும். ஒரே நிறப் பின்னணி, ஓர் ஓரத்தில் புள்ளிக்கோலத்தின் ஒரு வளைவு, நடுவே எழுத்து என்று அமைத்தால் அது போதும். ஒளிப்படம் வேண்டுமென்றால் தானே எடுத்தது சிறந்தது. பிறர் எடுத்ததை இசைவின்றி எடுத்தாள்வது முறையன்று. தில்லிச் சிறுவர் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரின் கோபுரத்தை வெளியிலிருந்து படம் எடுக்கலாம். விவிலிய வசனங்களோடு பனி மூடிய மேலைநாட்டு மலைகளே பெரிதும் வருகின்றன. அவ்விடத்தில் ஒரு பனையோலையை வைத்துப் பார்க்கலாம்; குருத்தோலை ஞாயிறன்று தமிழ்க் கிறித்தவர் கையில் ஏந்துவதும் ஓலையே. குர்ஆன் வசனங்களுக்கு உருவப்படம் பொருந்தாது. வடிவியல் கோலங்களே அங்கு மரபு. அரபு எழுத்து தெரியாதவர் அதனை வெட்டவோ மடக்கவோ கூடாது. தெரிந்தவரிடம் காட்டிய பின்னரே படத்தை முடிக்க வேண்டும்.

படத்தின்மேல் எழுதுவதாயின், எழுத்துக்கும் படத்துக்கும் இடையே கருநிற மென்படலம் ஒன்றை இடுவது நல்லுத்தி. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணையத் தரநெறி. இதை அளக்கக் கருவி இல்லாதவர், கைப்பேசியுடன் வெயிலில் போய் நின்று ஒரு கை நீளத்தில் பிடித்துப் படிக்கலாம். எல்லாப் புள்ளிகளும் தெரிந்தால் படம் தேறியது. முடித்த படத்தைப் பி.என்.ஜி. வடிவில் சேமித்தால் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி மங்கும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே சென்று சேரும்.

கழிப்பறைக்குள்ளும் எடுத்துச் செல்லும் பொருளில் இறைமொழி இருக்கலாமா என்று சில பெரியோர் வினவுவர். அந்தத் தயக்கம் மதிக்கத் தக்கது. அத்தகைய வீட்டில் அப்படத்தைத் தாளில் அச்சிட்டுப் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டலாம். கைப்பேசியில் ஓர் அறநூல் தொடரை வைக்கலாம். முடிவு அந்தந்தக் குடும்பத்தினுடையது.

அருஞ்சொற்பொருள்

மறைமொழி – புனித நூலின் தொடர்
ஏடு – எழுதப் பதப்படுத்திய பனையோலை
அரம் – இரும்பைத் தேய்க்கும் கருவி
ஈற்றுச்சீர் – செய்யுளின் கடைசிச் சீர்

பயிற்சி

1. ஓலையில் எழுதியோர் புள்ளி இடாமைக்குக் காரணம் யாது?
2. ‘கொடு, கோடு’, ‘மரம், மறம்’, ‘வலி, வழி’ – பொருள் வேறுபாடு எழுதுக.
3. குறள் எண் 652 எத்தனையாவது அதிகாரத்தைச் சேர்ந்தது? கணக்கிட்ட முறையையும் எழுதுக.
4. வீட்டிலுள்ள நாள்காட்டியிலோ கைப்பேசியிலோ வந்த ஒரு வாசகத்தை எடுத்து, அது கூறப்படும் நூலில் உள்ளதா என்று மூலநூலைப் பார்த்துக் கண்டறிக.
5. ஒரு மறைமொழியைத் தேர்ந்து முகப்புப்படம் செய்க. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி உரக்கப் படிக்கச் சொல்லுக. அவர் தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொண்டு படத்தைத் திருத்துக.