ஜாவா வலைச் செயலிகளில் பின்னணி வேலைகள்

மலேசியாவின் முதல் வணிகமுறைச் செம்பனை நடவு 1917-இல் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. ஆகவே, இவ்வட்டாரத்து மாணவர்களுக்குச் செம்பனை ஆலை புதிதல்ல. லோரி எடை போடப்படுகிறது, குலைகளைக் கொட்டுகிறது, எடைச் சீட்டுடன் புறப்படுகிறது. எண்ணெய் பிழியும் வரை ஓட்டுநர் காத்திருப்பதில்லை. வலைச் செயலியில் பின்னணி வேலை என்பதும் இதுவே.

டோம்கேட் போன்ற வழங்கி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் இழையை ஒதுக்குகிறது. மாற்றி அமைக்காவிட்டால் அதன் உச்சவரம்பு 200. அறிக்கை தயாரித்தல் போன்ற நீண்ட வேலைகளை அதே இழையில் செய்தால், 201-ஆவது பயனர் வாசலிலேயே நிற்க நேரிடும்.

முதல் தீர்வு, வேலையை வேறோர் இழையிடம் ஒப்படைப்பது. வேலைக்கொரு புதிய இழை என்று உருவாக்கிக்கொண்டே போனால் நினைவகம் தாங்காது. 2004-இல் வெளிவந்த ஜாவா 5 தந்த 'எக்ஸிகியூட்டர் சர்வீஸ்' மூலம், சில இழைகளை மட்டும் வைத்துக்கொண்டு வேலைகளை வரிசையில் நிறுத்தலாம். அவ்வரிசைக்கும் ஓர் எல்லை வைப்பது அவசியம்.

ஆனால், அவ்வரிசை நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் வேலையும் போய்விடும். சிறுதோட்டக்காரரின் எடைச் சீட்டைப் பதியும் செயலி ஒன்றை எண்ணிப் பாருங்கள். 'பெற்றுக்கொண்டோம்' என்று காட்டிய பிறகு பதிவு மறைந்தால், மறைவது அவருடைய பணம்.

இதற்கு உதவுவது செய்தி வரிசை. 1998-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜேஎம்எஸ், இன்று ஜகார்த்தா மெசேஜிங் எனப்படுகிறது. ஆக்டிவ்எம்க்யூ போன்ற இடையாளர் செய்தியை வட்டில் எழுதிக்கொள்ளும். அதன் பிறகே பயனருக்குப் பதில் சொல்ல வேண்டும். வேலையை முடித்தவர் ஒப்புகை தராவிட்டால், செய்தி மீண்டும் அனுப்பப்படும். ஆகவே, ஒரே செய்தி இருமுறை வரலாம். சீட்டு எண்ணைத் தரவுத்தளத்தில் சரிபார்க்காவிட்டால், ஒரே குலைக்கு இருமுறை பணம் போய்விடும்.

குலைகள் நெடுநேரம் கிடந்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும். செய்தி வரிசையும் நீண்டுகொண்டே போகிறதா என்று கண்காணிக்க வேண்டும்.

2023-இல் வந்த ஜாவா 21-இன் மெய்நிகர் இழைகளை இலட்சக்கணக்கில் உருவாக்கலாம். ஆயினும், அவையும் நினைவகத்தில்தான் வாழ்கின்றன. தொலைந்தால் மீண்டும் செய்யக்கூடிய வேலைக்கு இழை போதும். சீட்டுக் கொடுத்துவிட்ட வேலைக்குச் செய்தி வரிசையே தகும்.