சில்லும் பொருத்தமும்

இலக்கணம் கற்கும் மாணவர், நிலைமொழியும் வருமொழியும் புணருமிடத்துத் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரம் நிகழுமென அறிவர். சொல்லோடு சொல் சேருங்கால் ஓரெழுத்துத் திரிந்தோ கெட்டோ வழிவிடும். இரும்போடு இரும்பு சேருங்கால் அவ்வாறு வழிவிடுவதில்லை. ஆண்டுப் பிழை நேரின் கெடுவது எழுத்தன்று, உயிர். பழைய மோட்டார் வண்டிக்குப் பிறிதொரு வண்டியின் சில்லை இடுவோர் இதனை மறத்தலாகாது. ஆதலின் அப்பொருத்தத்தின் இயல்பை இம்மலரில் ஆராயப் புகுந்தோம்.

மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் வடபகுதியார்க்கு நன்கு பழகிய வண்டிகள். 1990களில், போர்க்காலத் தடையினாற் பெற்றோல் அரிதானபோது, காபரேற்றரிற் சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவை இத்தகைய பழைய வண்டிகளே. உள்ளதைக் கொண்டு தேவையை முடித்த அக்கைத்திறன் எம்மவர்க்குப் பெருமை தருவது. ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. எஞ்சின் பிழைத்தால் வண்டி வழியில் நிற்கும். சில்லுப் பிழைத்தால் வண்டி நில்லாது கவிழும்.

மொறிஸ் மைனரையே உதாரணமாகக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இவ்வண்டி 1948 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இதற்கு மாற்றுச் சில்லுத் தேடுவோர் நான்கு பொருத்தம் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, துளைவட்டம். மைனரின் நான்கு போல்ற்றுகளும் 4 அங்குல விட்டமுடைய வட்டத்தில் அமைந்தவை, அஃதாவது 101.6 மில்லிமீற்றர். எதிரெதிரான இரு துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் இவ்வளவு தெரியும். பழைய டற்சன் 1200 வண்டிக்கு இது 114.3 மில்லிமீற்றர், மைனரில் ஏறவே ஏறாது. பிற்கால வண்டிகள் பலவற்றுக்கு 100 மில்லிமீற்றர். இங்கேதான் இடர் உளது. வேறுபாடு 1.6 மில்லிமீற்றரே யாதலின், வலிந்து முறுக்கினால் ஏறிவிடும். ஆனால் நட்டின் கூம்பு துளையில் முழுதும் அமராது. போல்ற்று ஒருபுறம் இழுபட்டு நிற்கும். ஓட ஓட நட்டுத் தளரும், அன்றிப் போல்ற்று முறியும். பெரும்பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். சிறுபிழை ஒளிந்து நின்று கொல்லும்.

இரண்டாவது, நட்டும் இருக்கையும். மைனரின் போல்ற்று 3/8 அங்குலம், ஏறத்தாழ 9.5 மில்லிமீற்றர், யப்பானிய வண்டிகள் பலவற்றில் 12 மில்லிமீற்றர். பெரிய துளையிற் சிறிய நட்டு உறுதியாக அமராது. புரியும் வேறாதலின் ஒன்றன் நட்டை மற்றொன்றில் இடுதல் தகாது.

மூன்றாவது, உட்புற வெளிப்புற அளவு. முன்சில்லாற் செலுத்தப்படும் இக்கால வண்டிகளின் சில்லுகளிற் பொருந்துமுகம் பெரிதும் வெளிப்புறமாக இருக்கும். அவற்றை மைனரில் இட்டால் விளிம்பு உள்ளே சென்று உராயும். அதற்கெனத் தடித்த தகட்டை இடையில் வைத்தால், நட்டுப் பிடிக்கும் புரி குறையும். சில்லு மிக வெளியே தள்ளி நின்றாலோ முன்மூட்டின் சுமை கூடும். மைனரின் முன் அடிமூட்டு, கிரீஸ் இடாதுவிடின் தேய்ந்து கழன்று சில்லைச் சரிப்பது யாவரும் அறிந்த குறை. அதன்மேற் சுமையேற்றுதல் அறிவுடைமையன்று.

நான்காவது, பருமன். எம்.ஜி. மிட்ஜெற்றின் 13 அங்குலச் சில்லுக்கும் துளைவட்டம் 4 அங்குலமே. ஆயினும் 145 ரயரோடு மைனரின் 14 அங்குலச் சில்லு ஏறத்தாழ 588 மில்லிமீற்றர் உயரம். 13 அங்குலச் சில்லு 562. வண்டி 13 மில்லிமீற்றர் தாழும். வேகமானி 50 காட்டும்போது உண்மை வேகம் 48 அளவாகும். கிறவல் ஒழுங்கைகளிற் செல்லும் எம் வண்டிகளுக்கு அத்தாழ்வும் ஒரு குறையே.

இந்நான்கும் ஒத்தபின், நட்டுகளை முதலிற் கையாலேயே முறுக்கிப் பார்த்தல் நன்று. கையாற் செல்லாத நட்டைச் சாவியால் வலிந்து செலுத்தலாகாது. ஜாக்கில் உயர்த்திச் சில்லைச் சுழற்றுக. நிலத்தில் இறக்கி, ஆட்களை ஏற்றி, ஸ்ரியறிங்கை இருபுறமும் முற்றத் திருப்பி உராய்வு நோக்குக. 50 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்குக.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குச் செல்லும் பழைய காரொன்றில் மூத்தோரும் குழந்தைகளும் நெருங்கி அமர்ந்திருப்பர். அவர்கள் சில்லின் அளவை அறியார். பொருத்தியவன் அறிவான் என நம்பியே ஏறுகின்றனர். கராச்சிற் கைத்தொழில் பயிலும் எம் மாணவர் அந்நம்பிக்கைக்கு உரியராதல் வேண்டும். அளவுகோலை எடுக்கச் செல்லும் நேரம் ஐந்து நிமிடம். அதனைச் சோம்பலுக்குக் கொடாதிருப்பாராக.