கண் நிற்கும் இடம்: அக்குறணைத் தோட்டக்கலைஞர் ஒருவருக்கு



அலவத்துகொடைக் காணிக்கு நீங்கள் கீறிய வரைபடம் கிடைத்தது. கோடுகள் சுத்தம். இன்டர்லாக் கல், புல்தரை, நடுவில் நீரூற்று, ஓரமெல்லாம் குரோட்டன். ஆனால் அந்தத் தோட்டத்தை அப்படி மேலிருந்து பார்க்கக் காகத்தால்தான் முடியும். வீட்டுக்காரர் விறாந்தையில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடிக்கும்போது அவர் கண்ணில் என்ன விழும் என்பது தாளில் எங்குமே இல்லை. முதலில் கண் எங்கே நிற்கப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். செடியெல்லாம் பிறகு.

இந்த யோசனைக்கு நீண்ட வம்சாவளி உண்டு. அதன் வேர் முஸ்லிம்களான நம்மவரிடம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் ‘கிதாபுல் மனாழிர்’ என்ற ஏழு பாக நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற கிரேக்கர் கொள்கையை மறுத்து, பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வெளிச்சம் கண்ணுக்கு வருகிறது என்றார். நூல் லத்தீனுக்குப் போனது, பிறகு இத்தாலிய மொழிக்கும். புளோரன்ஸ் சிற்பி கிபெர்ட்டி தன் குறிப்புகளில் அதிலிருந்து நீளநீளமாக எடுத்தெழுதியிருக்கிறார். 1435இல் இத்தாலிய அறிஞர் அல்பர்ட்டி, நுனி கண்ணிலும் அடி பொருளிலும் இருக்கும் கூம்பகமாகப் பார்வையை விளக்கி, அந்தக் கூம்பகத்தைக் குறுக்கே வெட்டும் தளமே ஓவியம் என்றார்.

ஓவியருக்குக் கிடைத்த அந்தக் கூம்பகத்தைத் தோட்டக்காரரும் எடுத்துக்கொண்டனர். வத்திக்கானில் கட்டிடக்கலைஞர் பிரமாந்தே 1505 அளவில் தொடங்கிய பெல்வெடேர் முற்றம் மூன்று தட்டுகளாக ஏறிப் போவது. பாப்பரசரின் மாளிகை யன்னலிலிருந்து பார்க்கவென்றே திட்டமிட்டது. அதே நூற்றாண்டு முடிவதற்குள் நடுவே ஒரு நூலகத்தைக் கட்டிப் பார்வையை மறித்துவிட்டார்கள். புத்தகப் பிரியனான எனக்கே அது பொறுக்கவில்லை.

இத்தாலிக்குப் போகக் காசில்லாவிட்டால் பெந்தோட்டைக்குப் போங்கள். இத்தாலியில் ஏரிக்கரை வீடு வாங்க ஆசைப்பட்ட, பிற்காலத்தில் கட்டிடக்கலைஞரான ஜெஃப்ரி பாவா, ஊர் திரும்பி 1948இல் லுனுகங்க என்ற றப்பர் தோட்டத்தை வாங்கினார். வீட்டுக்கு எதிரிலிருந்த குன்று அப்பாலிருக்கும் நீரை மறைத்தது. குன்றின் நெற்றியைச் சீவித் தாழ்த்தினார். இடையில் ஓடிய ஊர்ப்பாதை கண்ணில் படாதபடி பள்ளத்தில் இறங்கிக்கொண்டது. சரிவில் ஒரு மரத்தடியில் பெரிய சீனச் சாடி வைத்தார். வீட்டிலிருந்து பார்த்தால் சாடி, ஏரி, அதற்கப்பால் தூரத்து விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். தாதுகோபம் அவருடையதல்ல, அதைத் தோட்டத்துக்குள் சேர்த்தது அந்தச் சாடி. நான் பார்த்த தோட்டங்களில் இதைவிடச் சிக்கனமான வேலை வேறில்லை.

கண்டி வாவியையும் அப்படிப் பாருங்கள். 1807இல் வயல்நிலத்தை மறித்து மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்தது. அலையலையாக வளையும் மதிலில் விளக்கு வைக்க முக்கோணப் பிறைகள் உண்டு. அந்த விளக்கு எவ்வளவு உயரத்தில் எரிகிறதோ அவ்வளவு ஆழத்தில் நீருக்குள் இன்னொன்று தெரியும், எதிர்க்கரையில் சரியான இடத்தில் நிற்பவருக்கு. தெறிப்பின் கணக்குக்கு மட்டும் இப்னு அல்-ஹைதம் மூன்று பாகங்கள் ஒதுக்கினார்.

இனி உங்கள் காணிக்கு வருவோம். கதிரையில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி. நாலரை அடிக்கு வேலிச்செடி வைத்தால் அதற்கப்பாலுள்ள தரை முழுவதும் அவருக்கு இல்லை. நம் ஊர்ச் சரிவில் வீட்டுக்குக் கீழே இறங்கும் தட்டுகளும் விறாந்தைக்குத் தெரியாது. எதிர்ச்சரிவுதான் முழுதாக விரியும். ஆகவே நீரூற்றைக் கீழ்த்தட்டில் வைத்துக் காசை வீணாக்காதீர்கள். அங்கே மிளகும் சாதிக்காயும் கமுகும் இருக்கிறபடி இருக்கட்டும். காணியில் நிற்கும் பலாவை வெட்டவும் வேண்டாம்; வெட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, எதிர்மலைக்குச் சட்டம் போடுவதே அதன் அடிமரமும் தாழ்ந்த கிளையும்தான். போனில் எடுத்த படத்தை நம்பி வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அகல லென்ஸ் பத்துப் பேர்ச்சை இருபதாகக் காட்டும். வேலை முடிந்ததும் அவர் உங்களிடம்தான் கேட்பார்.

ஒரு வேலை தருகிறேன். பேராதனைப் பூங்காவின் அரசப்பனை வரிசைக்கு நடுவே, நடைபாதை ஓரமாக அல்ல, நட்ட நடுவில் நில்லுங்கள். சிறு கண்ணாடித் தகட்டை முகத்துக்கு முன் அசையாமல் பிடித்து, ஒரு கண்ணை மூடி, இரு வரிசைகளின் அடியையும் உச்சியையும் மார்க்கரால் கீறுங்கள். கோடுகளெல்லாம் உங்கள் கண்மட்டத்தில் ஒரு புள்ளியில் கூடும். பிறகு தரையில் உட்கார்ந்து, வேறு நிறத்தில் இன்னொரு முறை கீறுங்கள். கூடும் புள்ளி உங்களோடு கீழே இறங்கியிருக்கும். பனை உயரம் மாறாமலே வரிசை இன்னும் ஓங்கித் தெரியும். கண்ணாடியைத் துடைக்காமல் என்னிடம் கொண்டு வாருங்கள். நீரூற்றை எங்கே வைப்பது என்பதை அதன்பிறகு பேசுவோம்.