கிளம்ப மறுக்கும் பழைய கோல்ஃப் வண்டி: டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைச் சோதிக்கும் கிரமம்

ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 1963 முதல் 1982 வரையில் தயாரித்த கோல்ஃப் வண்டிகளும், ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரிலிருந்து வந்த ஈ-இசட்-கோ வண்டிகளும், யமஹாவின் ஜி-1 வண்டிகளும் மைதானங்களிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலமாகிவிட்டபோதிலும், அமெரிக்காவின் பண்ணைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் அவை நீலப் புகையைக் கக்கிக்கொண்டு இன்றும் உழைத்து வருகின்றன. மிதியிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் எஞ்சின் நின்றுவிடுவதும், மறுபடி மிதித்தால் கிளம்புவதும் இவ்வண்டிகளின் பொது லக்ஷணம். ஆகையால் மோட்டார் சைக்கிளுக்குக் காலையில் ஒரு முறை நேரும் சோதனை, இவற்றுக்கு நின்ற இடந்தோறும் நேருகிறது.

இத்தகைய வண்டி கிளம்பாவிட்டால் உடனே கார்புரேட்டரின்மேல் பழியைப் போட்டு அதைக் கழற்றத் தொடங்குவது பலருடைய வழக்கம். சுழற்சி, பொறி, பெட்ரோல், அழுத்தம் என்ற நான்கையும் இதே வரிசையில் ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, ஒன்று சரியென்று நிச்சயமான பின்னரே அடுத்ததற்குச் செல்லுவதுதான் பணமும் பொழுதும் வீணாகாத மார்க்கம்.

முன்னெச்சரிக்கை

எஞ்சின் வேகம் பிடித்ததும் கிளட்ச் தானாகவே பெல்ட்டைப் பற்றி வண்டியை நகர்த்திவிடுமாதலால், முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரங்களை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். காற்றோட்டமான இடமாகவும் அருகில் நெருப்பு இல்லாத இடமாகவும் இருக்கட்டும்.

1. சுழற்சி

சும்மா இருக்கும் 12 வோல்ட் பாட்டரியில் ஏறக்குறைய 12.6 வோல்ட் இருக்க வேண்டும். மிதியை அமுக்கி எஞ்சினைச் சுழற்றும்போது அது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பாட்டரியின் சக்தி குன்றிவிட்டதென்று கொள்ளலாம். பாட்டரி நன்றாயிருந்தும் ‘டக்’கென்ற ஓசையோடு நின்றுவிட்டால் சாலினாய்டையும், பச்சை பூத்த கேபிள் முனைகளையும், எஞ்சினுக்குச் செல்லும் எர்த் கம்பியையும் பாருங்கள். இவ்வண்டிகளில் ஸ்டார்ட்டராகவும் ஜெனரேட்டராகவும் இருந்து இரட்டை உத்தியோகம் பார்க்கும் யந்திரம் பெல்ட் மூலமாகவே எஞ்சினைச் சுழற்றுகிறது. பெல்ட் தளர்ந்து வழுக்கினால், மற்றதெல்லாம் சரியாயிருந்தும் எஞ்சின் சோம்பிச் சுழலும்.

2. பொறி

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையை உற்றுப் பாருங்கள். இனிச் செய்யவேண்டிய பரிசோதனைக்கு அதுவே வழிகாட்டி. பெட்ரோல் நாற்றத்தோடு நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை அல்லது பெட்ரோல் மிதமிஞ்சிவிட்டது என்று பொருள். பலமுறை முயன்றும் உலர்ந்தே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. சிறுதூரம் ஓடி அடிக்கடி நிற்கும் வண்டியாதலால், எண்ணெய்க் கரி படிந்து பிளக் கெடுவது இங்கே சர்வசாதாரணம். புதிய பிளக்கை ஒயரில் மாட்டி, எஞ்சினின் வெற்று உலோகத்தில் அழுத்தமாகப் படும்படி வைத்துச் சுழற்றிப் பாருங்கள்; துவாரத்தின் வழியே பெட்ரோல் ஆவி பீறிடுமாகையால் பிளக் அதனருகே இருக்கக் கூடாது. நீலமான, தடித்த பொறி நல்லது. மஞ்சளாக மெலிந்த பொறி நம்பத்தகாதது.

பாயிண்ட் உள்ள எஞ்சின்களில் அதன் முகங்களைச் சுத்தம் செய்து, வண்டியின் கையேடு கூறும் இடைவெளியை வையுங்கள். ஹார்லி வண்டியில் ரிவர்ஸ் கியர் கிடையாது; எஞ்சினையே எதிர்த்திசையில் சுழலச் செய்து பின்னோக்கிச் செல்லும் விசித்திர ஏற்பாடு அது. இரு திசைகளுக்கும் தனித்தனிப் பாயிண்ட் இருப்பதால், ஒரு திசையில் கிளம்பி மறு திசையில் மறுக்கும் எஞ்சினில் குற்றவாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. குளிர்ந்திருக்கும்போது கிளம்பி, சூடேறியபின் பொறியை இழக்கும் வண்டியில் காயிலையோ கண்டென்சரையோ சந்தேகியுங்கள்.

3. பெட்ரோல்

மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோலை வடித்துவிட்டு, கையேடு விதித்த விகிதத்தில் எண்ணெய் சேர்த்துப் புதிதாக ஊற்றுங்கள். பிளக் துவாரத்தில் இந்தக் கலவையில் சில துளிகளை விட்டு, பிளக்கை மாட்டிச் சுழற்றும்போது, எஞ்சின் கணநேரம் ஓடி அணைந்தால் பொறி உண்டென்பதும் பெட்ரோல் வரும் வழியில்தான் தடை என்பதும் ஊர்ஜிதமாகும். அப்பொழுது டாங்கியின் மூடித் துவாரம், வடிகட்டி, எத்தனால் கலந்த பெட்ரோலால் உப்பிக் குழைந்த பழைய ரப்பர்க் குழாய்கள், பிறகு பம்ப், கடைசியாகக் கார்புரேட்டரின் ஜெட் என்று வரிசையாகப் பாருங்கள். இங்குள்ள பம்ப் கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பினால் இயங்குவது. அத்துடிப்பைக் கொண்டுவரும் சிறு குழாயில் வெடிப்பு விழுந்தால் பம்ப் புதிதாயினும் பயனில்லை.

4. அழுத்தம்

பிளக் ஒயரை எர்த் செய்து, பிளக் துவாரத்தில் கம்ப்ரஷன் மீட்டரைப் பொருத்தி, மிதியை முழுவதும் அமுக்கி, முள் மேலும் ஏறாமல் நிற்கும் வரையில் சுழற்றுங்கள். சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு அளவில் இருந்தால் திருப்தி. 90-க்குக் கீழே என்றால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கும். சிறிது எண்ணெய் விட்டு மறுபடி அளக்கும்போது முள் உயர்ந்தால் தேய்மானம் உறுதி. சைலன்சரிலும் எக்ஸாஸ்ட் துவாரத்திலும் கரி அடைத்திருந்தாலும் எஞ்சின் மூச்சுத் திணறும். அதையும் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

5. கிராங்க் கேஸ் சீல்கள்

இத்தனையும் சரியாயிருந்தும் வண்டி அடம் பிடித்தால், டூ-ஸ்ட்ரோக்கின் தனி மர்மம் இருக்கும் இடத்துக்கு வாருங்கள். கலவையை உள்ளிழுத்துச் சிலிண்டருக்கு ஏற்றும் துருத்தி கிராங்க் கேஸேயாகும். ஷாஃப்ட்டின் இருபுறத்து ஆயில் சீல்களில் ஒன்று இறுகிக் காய்ந்தாலும் வெளிக்காற்று புகுந்து கலவை மெலிகிறது. பம்பின் துடிப்பும் தளர்கிறது. ரீட் வால்வு உள்ள எஞ்சினில் அதன் இதழ் உடைந்தாலும் ஏறக்குறைய இதே கதிதான். காற்று வரும் வழியையும் புகை போகும் வழியையும் தகடு வைத்து அடைத்து, 6 பவுண்டு அழுத்தம் ஏற்றி, சோப்பு நீரைப் பூசிப் பாருங்கள். குமிழி எழும் இடமே ஓட்டை.

சீல் ஒழுகுவதை அறியாமல் வண்டியை வலிந்து ஓட்டினால், மெலிந்த கலவையினால் சூடேறிப் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போகும் அபாயம் உண்டு. ஆதலின், புதிய கார்புரேட்டருக்குப் பணம் கொடுக்க எண்ணுபவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுக் கடைக்குப் போவார்களாக.