நோயாளியின் நோன்புக் கணக்கு

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். நோன்பு பிடிக்க இயலாத நோயாளி விட்டுவிடலாம். இவ்வளவும் நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் பெருநோய் ஒன்று நம் வாசற்படி ஏறி வரும்போது, களா எது, ஃபித்யா எது என்னும் வேற்றுமை மறந்துபோகிறது. அப்படி மறப்பதனால் நோயாளியின் உள்ளத்தில் எத்தகைய காயம் உண்டாகிறது என்பதைப் போடிநாயக்கனூரில் நாம் நேரில் கண்டோம். அந்த வாலிபரின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார்.

அவருக்கு அப்போது வயது 24. விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டுப் பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதப் போய்வந்து கொண்டிருந்தார். 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கழுத்தின் இடப்பக்கம் நெல்லிக்காயளவு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. மாலையில் இலேசான காய்ச்சல். இரவில் சட்டை நனைய வியர்வை. மலைக் குளிரில் தங்கும் நாளிலும் வியர்த்தது என்றார். வலியில்லாத கட்டிக்கு யார் கவலைப்படுகிறார்? பாட்டியார் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். மாமு, "கழலைதாம்ப்பா, தானாக் கரஞ்சுரும்" என்று சொல்லிவிட்டார். மூன்று மாதங்கள் இப்படியே கழிந்தன.

ஓதிப் பார்ப்பதை நாம் குறை கூற வரவில்லை. அது ஆகுமானதே. ஆனால் கிராமவாசிகள் சிலர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, "நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா?" என்று வினவியபோது, செய்துகொள்ளுமாறே பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முதுமை ஒன்றைத் தவிர, மருந்தில்லாத எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவித்த இந்தச் செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. ஓதுவது ஒரு கை என்றால் மருந்து மறு கை. ஒரு கையைக் காட்டி மறு கையைக் கட்டிப்போடுவது தவக்கல் ஆகாது.

2024 ஜனவரியில் தேனியை அடுத்த கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றார்கள். கழுத்துக் கழலையை எடுத்துச் சோதித்ததில் 'ஹாட்ஜ்கின்' என்னும் நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1832இல் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற ஆங்கில மருத்துவர் முதன்முதலில் விவரித்ததால் அவர் பெயரே அந்நோய்க்கு நிலைத்துவிட்டது. முதியோரை மட்டுமின்றி, இருபதிலும் முப்பதிலும் இருக்கும் வாலிபர்களையும் இது மிகுதியாகப் பற்றுகிறது. நம் நாட்டில் காசநோயினாலும் கழுத்தில் கழலை வீங்குவதுண்டு. இரண்டிலும் காய்ச்சல் உண்டு, வியர்வை உண்டு, எடை குறைவதும் உண்டு. ஆகவே கையால் தடவிப் பார்த்து இன்னதென்று முடிவு கட்ட முடியாது. சதைப் பரிசோதனைதான் வழி. புற்றுநோய்களுள் மருந்துக்கு நன்கு கட்டுப்படுபவற்றில் இதுவும் ஒன்று என்று மருத்துவர் விளக்கினார். தாயாரின் காதில் அது விழவில்லை. 'புற்று' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. "இது வந்து பொழச்சவுக உண்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பதில் சொன்னவன் பத்தாம் வகுப்புப் படிக்கும் இளைய மகன். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் 2011 உலகக் கோப்பையின்போதே இருமலும் மூச்சுத் திணறலுமாக ஆடினார். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் பெற்றார். பின்னரே இரு நுரையீரல்களுக்கும் இடையில் புற்றுக்கட்டி இருப்பது தெரிந்தது. 2012இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் மருந்தேற்றிக்கொண்டு, முப்பது வயதில், அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைச் சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மீண்டும் மட்டை பிடித்தார். அது வேறு வகைப் புற்று. ஆயினும் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர்கள் நாங்கள் சொல்லாததை ஒரு சிறுவன் சொன்னான்.

சிகிச்சைக்குச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் சென்றார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த துயரம் தாளாமல் பாடுபட்டு, 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய இடம் அது. 1955இல் அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா அவர்கள் 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகத்தையே தம் வீடாகக் கொண்டிருந்தார். 2023 ஜூனில் போடியிலிருந்து சென்னைக்கு நேர் இரயில் தொடங்கியது இக்குடும்பத்துக்குப் பேருதவியாயிற்று.

நான்கு மருந்துகள் சேர்ந்த சிகிச்சை. இரு வாரங்களுக்கு ஒருமுறை, மொத்தம் பன்னிரண்டு முறை. அவற்றுள் ஒன்று செந்நிறம். ஏற்றிய அன்று சிறுநீர் சிவந்து போகவே, இரத்தம் என்று எண்ணி வாலிபர் நடுங்கிவிட்டார். மருந்தின் நிறம்தான் என்று செவிலியர் சொன்ன பிறகே மூச்சு வந்தது. இன்னொரு மருந்தின் பெயர் வின்பிளாஸ்டின். 1958 வாக்கில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் நீரிழிவுக்கு மருந்து தேடி ஓர் இலையை ஆராய்ந்தபோது, அது வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அதிலிருந்து பிறந்த மருந்து இது. அந்த இலை எது தெரியுமா? நம் வீட்டு முற்றத்திலும், கபுருஸ்தான் ஓரத்திலும் யாரும் விதைக்காமலே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி! (செடியைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். அது நஞ்சு. பிரித்தெடுத்து அளந்து கொடுத்தால்தான் மருந்து.)

மருந்தேறிய நாட்களில் ஓயாத குமட்டல். ஹனஃபி மத்ஹபில் வாய் நிறைய வாந்தி எடுத்தால் உளூ முறியும். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. இவர் ஹனஃபி. தண்ணீர் தீங்கு செய்யும் என்று மருத்துவர் தடுத்த நாட்களில் தயம்மும் செய்துகொண்டார். அதற்கென்று சுத்தமான கருங்கல் துண்டொன்றைத் தாயார் பையில் வைத்திருந்தார். படுக்கையில் அமர்ந்து, ருகூவுக்குத் தலையைச் சற்றுத் தாழ்த்தி, ஸுஜூதுக்கு அதைவிடக் கூடுதலாகத் தாழ்த்தித் தொழுதார். நெற்றி படுவதற்காகத் தலையணையை முகத்தருகே தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் மூலநோயால் வருந்தியபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியருளிய செய்தி புகாரியில் உள்ளது.

இந்நிலையில்தான் 2024 மார்ச் 12ஆம் நாள் ரமளான் பிறந்தது. அவருக்கு முடியெல்லாம் கொட்டியிருந்தது. நலம் விசாரிக்க வந்தவர்களுள் ஒருவர், "மனசு உறுதியா இருந்தா நோம்பு பிடிச்சிரலாம்" என்றார். இன்னொருவர், என்ன பாவமோ என்று முணுமுணுத்தார். ஐயூப் நபி (அலை) அவர்களை அல்லாஹ் பொறுமையாளர் என்றும் நல்லடியார் என்றும் ஸாத் அத்தியாயத்தில் புகழ்ந்து கூறுகிறானேயன்றி, அவர்கள் நோயைப் பாவத்தின் கூலியாகச் சொல்லவில்லை. நலம் விசாரிப்பது ஸுன்னத்து. இப்படிப் பேசுவதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட அவரை வருத்தியது வேறொன்று. ஒருநாள் அசருக்குப் பின் நாம் அங்கிருந்தபோது, கூடத்தில் தாயார் அரிசி அளந்து கொண்டிருந்தார். மகனின் முப்பது நோன்புக்கும் ஃபித்யா! உள்ளே படுத்திருந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு நம்மிடம் மெல்லச் சொன்னார்: "நன்னாவுக்குக் கடைசிக் காலத்துல இப்படித்தான் அளந்தாங்க." நமக்குத் தொண்டை அடைத்தது.

ஹஜ்ரத்தை அழைத்து வந்தோம். அவர் அரிசியைப் பார்த்ததும், "யாருக்கும்மா இது?" என்றார். "எம்மகனுக்குத்தான் ஹஜ்ரத். நோம்பு விடுறானே."

"ஃபித்யா என்பது இனி எழுந்து நோன்பு பிடிப்பார் என்ற நம்பிக்கையே அற்றுப்போனவருக்கும், தள்ளாத கிழவருக்கும் உரியது. தம்பி மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். மருத்துவர் குணமாகும் என்கிறார். இவருக்கு ஃபித்யா கிடையாது. குணமானதும் இவரே பிடிக்க வேண்டும். கணக்கு எழுதி வைக்கச் சொல்லுங்கள்."

தாயார் விடவில்லை. "அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா? கடனோட போயிருவானே?"

"குணமாகி, பிடிப்பதற்கு நாளும் கிடைத்து, பிடிக்காமல் இருந்தால்தான் கடன். நாளே கிடைக்காதவர் மீது களாவும் இல்லை, ஃபித்யாவும் இல்லை. அல்லாஹ் கேட்காததை நாம் ஏன் கேட்க வேண்டும்?"

அல்பகரா அத்தியாயத்தின் 184ஆம் வசனம் நோயாளியைப் பற்றி இதைத்தான் கூறுகிறது: விட்ட நாட்களின் எண்ணிக்கையை வேறு நாட்களில் நிறைவு செய்ய வேண்டும். 'வேறு நாட்கள்' உண்டு என்று படைத்தவனே எண்ணிக்கொண்டு பேசும்போது, அரிசிப்படியை எடுத்துக்கொண்டு நாம் அவசரப்படுகிறோம்! அதற்காக மருந்தேறும் உடம்பை நோன்பு பிடிக்கத் தூண்டுவதும் தகாது. அந்நாட்களில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்பது மருத்துவரின் கண்டிப்பு. தலையில் காயம்பட்ட ஒருவரைத் தோழர்கள் தயம்முமுக்கு வழியில்லை என்று சொல்லிக் குளிக்கச் செய்து, அவர் இறந்துபோன செய்தி அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக வருகிறது. அதைக் கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள் கடுமையாகச் சினந்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்னும் கருத்தில் கண்டித்தார்கள்.

அன்று மாலை வாலிபர் தம் பழைய தோட்டக் கணக்கு நோட்டொன்றைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் ஒன்று முதல் முப்பது வரை எண் போட்டார். அளந்த அரிசியை, அவர் குணம் பெறுவதற்கான ஸதகாவாக ஏழைகளுக்குக் கொடுத்தார்கள்.

ஜூலையில் பன்னிரண்டு முறையும் முடிந்தன. ஸ்கேனில் நோயின் அடையாளம் காணவில்லை. அல்ஹம்து லில்லாஹ். இன்னும் சில ஆண்டுகள் தவறாமல் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். மலைக்கு மீண்டும் வேலைக்குப் போகிறார். முன்பெல்லாம் ஜும்ஆவுக்கு மட்டும் பள்ளிவாசல் வந்தவர்தாம். இப்போது என்ன மாறியிருக்கிறது என்று கேட்டோம். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "முன்னாடி சம்பள நாளைத்தான் எண்ணுவேன். இப்ப எல்லா நாளையும் எண்றேன்" என்றார். தோட்டத்து வேலையாட்களில் யாருக்காவது வாய்ப்புண் ஆறாமலிருந்தாலோ, கட்டி தென்பட்டாலோ, தாமே ஜீப்பேற்றித் தேனிக்கு அனுப்பி வைக்கிறாராம். சிலர் திட்டுகிறார்களாம்.

மருத்துவர் அனுமதித்த பின், பகல் குறுகிய டிசம்பரில் களாவைத் தொடங்கினார். தொடர்ந்து பிடிக்க வேண்டியதில்லை. விட்டு விட்டும் பிடிக்கலாம். 2025 ரமளானுக்குள் நோட்டில் இருபத்தொரு எண்கள் அடிபட்டன. அந்த ரமளானை முழுமையாக நோற்றார். பெருநாள் கழிந்து மிச்சம் ஒன்பதைத் தொடங்கியபோது, பரிசோதனைக்குச் சென்னை புறப்படும் நாள் வந்தது. அன்று வேண்டாம், பயணிக்கும் சலுகை உண்டு என்றார் தாயார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம். முந்தின நாளே ஹஜ்ரத் வீட்டுக்கு ஆளனுப்பிக் கேட்டு வைத்திருந்தாராம்.